கடைக்கோடி எனக்கு

வண்டி வாங்கப் போன அன்று பயப்படும்படியாக எதுவும் நடக்கவில்லை. நடந்ததாக என் மருமகன் டேரல் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், நம்பாதீர்கள். மே மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி. வெயில் இருந்தது, கொசு இருந்தது. வட மினசோட்டாவில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

வில்மா நைகார்ட் கொட்டகைக் கதவைக் கைத்தடியாலேயே தள்ளித் திறந்தார். எண்பத்தெட்டு வயது அம்மாள். உள்ளே பழைய வைக்கோல் வாசனை, எலி வாசனை, அதற்கெல்லாம் அடியில் நனைந்த கம்பளி வாசனை. தார்ப்பாயை இழுத்ததும் அது தெரிந்தது. எழுபத்தொன்றாம் வருஷத்து ஸ்டேஷன் வேகன். ஒரு சின்ன தேவாலயம் நீளம். இரண்டு பக்கமும் மரப்பலகை.

மரப்பலகை என்றா சொன்னேன்? மரத்தைப் படம் பிடித்து, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, தகரத்தில் ஒட்டியிருந்தார்கள். அதை மர வண்டி என்று சொல்லி ஐம்பது வருஷமாக நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் ஏமாற்றிவருகிறோம்.

"உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்றார் வில்மா. விலையைச் சொல்லும் முன்பே கேட்ட கேள்வி அது.

"ஒண்ணு இருக்கு. ஜூனி. பத்து வயசு" என்றாள் என் மகள் லோர்னா.

ஜூனி அதற்குள் வண்டியின் பின்பக்கம் ஓடி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். "தாத்தா! கடைசி ஸீட்டு திரும்பி இருக்கு! பின்னாடி பார்த்துட்டே போகலாம்!"

இந்த மாதிரி வண்டிகளில் மூன்றாவது வரிசை அப்படித்தான். இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் வருகிற வண்டிக்காரர்களுக்குக் கையாட்டிக்கொண்டே போகலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கடைக்கோடி என்பார்கள். அதைப் பிடிப்பதற்குச் சட்டம் உண்டு. வண்டி கண்ணில் படும்போது "கடைக்கோடி எனக்கு!" என்று முதலில் யார் கத்துகிறார்களோ, இடம் அவர்களுக்கு. திரும்பி வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைக்கும் வரை அவர்களுக்குத்தான். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்னால் இறங்கினால் இடம் போச்சு. இதில் அப்பா அம்மா தலையிட முடியாது. லோர்னாவின் அண்ணனுக்கு முன்பல் ஒன்று இந்தச் சட்டத்தில்தான் போனது.

"அந்த ஸீட்டை மட்டும் மடிக்காதீங்க" என்றார் வில்மா.

"ஏன்?" என்றான் டேரல்.

"மடியாது."

இழுத்துப் போகும் லாரி வந்து நின்றது. டேரல் தொடையைத் தட்டிக்கொண்டு, "சரி, அப்ப..." என்றான்.

எங்கள் பக்கத்தில் "சரி, அப்ப" என்றால் கிளம்புகிறோம் என்று அர்த்தமில்லை. கிளம்புவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருக்கிறோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு காபி. பிறகு வாசற்படியில் நின்று அரை மணி. பிறகு கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு இடுப்பு ஆபரேஷன் என்று ஒரு கால் மணி. சட்டென்று எழுந்து போகிறவனை வெள்ளிக் கரண்டியைத் திருடியவன் என்றுதான் நினைப்போம்.

டேரல் அதைச் சொன்னதும் கொட்டகைக்குள் ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

வண்டியின் பின்கதவுக் கண்ணாடி, மெதுவாக, முழுசாகக் கதவுக்குள் இறங்கியது.

வில்மா திரும்பிப் பார்க்கவில்லை. "பழைய வண்டி" என்றார்.

பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் எலிக்கூடு இருந்ததை டேரல் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தான்.

எனக்கு அந்த வண்டியைப் பிடிக்காததற்கு இது காரணமல்ல. மார்ச்சில் கூரைமேல் பனி வாரப் போய் விழுந்தேன். ஏப்ரலில் அடுப்பை அணைக்காமல் தூண்டில் போடப் போய்விட்டேன். ஒரு திரைச்சீலையும் பாதி அலமாரியும் போயின. என்னைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டு வருஷம் முன்பு குடும்பத்தோடு என் வீட்டுக்கே வந்து இருக்கிற லோர்னா, மே மாதத்தில் ஓர் அறிவிப்பு செய்தாள். எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய வண்டியைச் சரிசெய்வோம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை அதில் டுலூத் நகரம் வரை குடும்பமாகப் போவோம். டுலூத்தில் ஏரியைப் பார்த்தபடி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. நாலு பேர் போவோம். மூன்று பேர் திரும்புவார்கள்.

"அங்க மூணு வேளை சாப்பாடு, நர்ஸ், சீட்டாட்டம் எல்லாம் இருக்குப்பா."

"இங்கயும் இருக்கே."

"நர்ஸா?"

"சீட்டாட்டம்."

"விளையாடாதப்பா. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு திரும்பறப்போ, அந்தத் திருப்பத்துல வந்து முதல்ல புகை தெரியுதான்னுதான் பார்க்கறேன்." அவள் கண் கலங்கியிருந்தது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆக, கணக்கு எளிது. வண்டி ஓடினால் நான் போக வேண்டும். வண்டி ஓடாத வரை என் அறை, என் ஜன்னல், என் தூண்டில். நானும் உற்சாகமாகச் செப்பனிடும் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

முப்பத்தெட்டு வருஷம் மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் நான். எழுபத்தைந்தாம் வருஷம் பனி எவ்வளவு கொட்டியதென்றால், ஒரு நாள் காலை நாலு மைல் தள்ளிய பிறகுதான் நான் தள்ளிக்கொண்டிருந்தது ரோட்டை அல்ல, ஏரியை என்று தெரிந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். இயந்திரம் எனக்குத் தெரியும். எந்தத் திருகாணியைக் கழற்றினால் எவ்வளவு நாள் தாமதம் என்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

தினம் சாயங்காலம் டேரல் கை கழுவப் போனதும் நாலு திருகாணி கழற்றி, காலி காபி டப்பாவில் போட்டு, விறகுக்குப் பின்னால் வைப்பேன்.

மறுநாள் காலையில் நாலும் வண்டியில் இருக்கும். இறுக்கமாக.

முதல் நாள், மறந்துபோய்க் கழற்றாமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். என் வயதில் அது வசதியான விளக்கம். இரண்டாம் நாள் எட்டு கழற்றினேன். எட்டும் திரும்பி வந்தன. மூன்றாம் நாள் கார்புரேட்டரையே கழற்றித் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன். காலையில் தலையணைக்கடியில் ஒரு நனைந்த வட்டம்தான் இருந்தது. கார்புரேட்டர் எஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது, துடைத்துப் பளபளவென்று.

யாரோ கிளம்ப அவசரப்படுகிறார்கள். அது நான் இல்லை.

டேரலின் சண்டை வேறு. அவனுக்குப் பின்கதவுக் கண்ணாடி. ஏற்றி வைப்பான், ஐந்து நிமிஷத்தில் இறங்கும். மோட்டாரை மாற்றினான். சுவிட்சை மாற்றினான். வயரை முழுக்க உருவிப் புது வயர் போட்டான். மறுபடி மோட்டாரை மாற்றினான். கடைசியில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இப்ப இறங்கு பார்க்கலாம்" என்றான் வண்டியிடம்.

இறங்கவில்லை. டேரலின் முகத்தில் மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்ப... சாப்பிடப் போலாமா ஆர்விட்?" என்றான் என்னைப் பார்த்து.

ர்ர்ர்.

ஸ்பானர் பறந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த மரத்தாளில் ஓட்டை விழுந்தது. அந்தத் தாளும் லேசுப்பட்டதல்ல. லோர்னாவும் ஜூனியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினார்கள். கடைக்கோடிக்குப் பக்கத்தில் மட்டும் உரிந்து வந்தது, உள்ளேயிருந்து ஒரு சின்ன உள்ளங்கை தள்ளியது போல. ஐந்து விரலும் தெரிந்தது.

"குமிழி" என்றாள் லோர்னா.

"விரலோட குமிழி" என்றேன்.

"அப்பா, சும்மா இரு."

ஸீட்டு மடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டேரல் ஏறி நின்று குதித்தான். நான் மேலே ஏறவில்லை. அந்தப் பக்கம் குளிர்ந்தது. ஜூலை மாதம், வெளியே தார் உருகும் வெயில், கடைக்கோடியில் மட்டும் மூச்சு புகையாக வந்தது. டேரல் தன் பீரை அங்கே வைக்க ஆரம்பித்தான். தைரியம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது.

அந்த ஸீட்டின் இடுக்கில்தான் லோர்னாவுக்கு அந்தக் கையுறை கிடைத்தது. கட்டைவிரல் மட்டும் தனியாகப் பிரிந்த, சிவப்புக் கம்பளிக் கையுறை. ஒன்றுதான். எட்டு வயதுக் குழந்தையின் கை அளவு. குப்பையில் போட்டாள். மறுநாள் கடைக்கோடியின் இடது பக்கத்தில், விரல் பக்கம் வெளியே பார்த்தபடி, நேர்த்தியாக வைத்திருந்தது. எங்கள் பிள்ளைகள் இடம் பிடித்துவிட்டு இறங்கும்போது வைப்பது போல.

"ஜூனி, குப்பையைக் கிளறாதே!" என்று லோர்னா கத்தினாள்.

"நான் கிளறலம்மா! அது அவளோடது."

"எவளோடது?"

ஜூனி தோளைக் குலுக்கினாள். "பக்கத்துல இன்னொரு இடம் இருக்கு இல்ல. அது எனக்காம்."

லோர்னா அதைக் குழந்தைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் தனியாக வண்டியருகே போய், வானிலை பற்றிப் பேசினேன். ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல, "சரி, அப்ப..." என்றேன்.

கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து நனைந்த கம்பளி வாசனை வந்தது. எதுவும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எட்டிப் பார்ப்பதற்கு வேண்டிய நேரம் வரை அது திறந்திருந்தது.

வீட்டுக்குள் போய் வில்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"கண்ணாடி இறங்குதா?" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"இறங்குது."

"அவ பேர் இங்கா" என்றார் வில்மா. மழையளவு சொல்வது போன்ற குரல். "எழுபத்துமூணு ஜனவரி. எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். நான் 'சரி, அப்ப'ன்னு சொன்னேன். அவளுக்கு அது போதும், ஓடிட்டா, இடம் பிடிக்க. அண்ணன்காரங்க ரெண்டு பேர் இருந்தாங்க. இறங்கினா இடம் போயிடும் இல்ல?"

"ஆமா."

"நாங்க வாசல்ல நின்னு பேசிட்டிருந்தோம். அக்கா கேக் பொட்டலம் கட்டினா. அப்புறம் அவ மாமியாரைப் பத்தி ஏதோ. அன்னிக்குக் குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. நடுவுல ரெண்டு மூணு தடவை ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தா. நான் கையாட்டினேன். இதோ வந்துட்டோம்னு."

எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்களில் யாருக்குத்தான் தெரியாது?

"தெரிஞ்சும் ஏம்மா குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுத்தீங்க?"

"நான் முதியோர் இல்லத்துக்குப் போறேன். அங்க கொட்டகை கிடையாது" என்றார். பிறகு, "தனியா இருக்க அவளுக்குப் பிடிக்காது" என்றார்.

இதை நான் லோர்னாவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வண்டியை மறுநாளே காயலான் கடைக்கு அனுப்புவாள். டேரலின் பிக்கப் லாரியில் என்னைத் திங்கட்கிழமையே டுலூத்தில் இறக்கிவிடுவார்கள். இந்த மர வண்டி சண்டித்தனம் செய்யும் வரைதான் எனக்கு வீடு. அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் எழுபத்தொன்பது வயதில் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன், எதற்கும் வெட்கப்பட்டதில்லை. சொல்லாமல் விட்ட இந்த ஒன்றுக்கு வெட்கப்படுகிறேன்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வண்டி ஓடியது. பன்னிரண்டு தடவை சாவியைத் திருகிய பிறகு, இருமிக்கொண்டு. கண்ணாடி மட்டும் பாதியில் நின்றது. டேரல் அதை டேப் போட்டு ஒட்டினான். "கடைக்கோடி எனக்கு!" என்று ஜூனி கத்தினாள். தொண்ணூறு மைலும் அவள் பின்னால் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டே வந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த என் மடியில் பெட்டி. லோர்னா பழைய பாட்டொன்றை முணுமுணுத்தாள். எல்லோரும் மிகவும் மகிழ்ச்சியாக இருக்க முயன்றோம், பார்க்கச் சகிக்கவில்லை.

இல்லம் நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் மோசம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பெவர்லி என்ற மேலாளர் அம்மாள் அறையைக் காட்டினார். ஏரி தெரிந்தது. கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தார்.

"சாயங்காலமா போட்டுக்கறேன். கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றேன். மூக்கில் இருந்தது.

மணி இரண்டு பத்து. லோர்னா எழுந்தாள். என்னைப் பார்க்காமல், கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டு, "சரி, அப்ப..." என்றாள்.

"கடைக்கோடி எனக்கு!" என்று கத்திக்கொண்டு ஜூனி வெளியே ஓடினாள்.

பெவர்லி காபி ஊற்றினார். காபிக்குப் பிறகு தாழ்வாரத்தில் நின்றோம். தாழ்வாரத்திலிருந்து வாசலுக்கு வந்தோம். டேரல் மரத்தாள் ஒட்டிய கதையை ஆரம்பித்தான். பெவர்லியின் மைத்துனரிடமும் அதே மாதிரி வண்டி இருந்ததாம்; அது எப்படித் துருப்பிடித்தது என்பதை ஆதியிலிருந்து சொன்னார். எனக்கும் இது நீளட்டும் என்றே இருந்தது. நானே இரண்டு கேள்வி கேட்டேன். மூன்றாவதாக, துரு எந்தப் பக்கம் முதலில் வந்தது என்று கேட்டேன்.

வாசற்கதவு கண்ணாடி. வெளியே வண்டி வெயிலில் நின்றது.

பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. டேப் ஒரு நாடா போலத் தொங்கியது. ஜூனி எட்டிப் பார்த்தாள்.

லோர்னா கையாட்டினாள். "இதோ வந்துட்டோம்!"

வில்மா அன்று சொன்ன அதே வார்த்தை.

கண்ணாடி மறுபடி ஏறியது. தானாக. மே மாதத்திலிருந்து ஒரு தடவைகூட அது தானாக ஏறியதில்லை.

பிறகு அது வெளுக்க ஆரம்பித்தது.

கீழ் ஓரத்திலிருந்து மேலே, இலை இலையாக, பூ பூவாக. உறைபனி. செப்டம்பர் வெயிலில், எழுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில், உள்பக்கத்தில்.

பெவர்லி அப்போது வாரத்துக்கு எத்தனை நாள் பிங்கோ ஆட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பேச்சின் நடுவில் திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் விழுந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் மாரடைப்புகள் வந்திருக்கும். இப்படி ஒன்று வந்திருக்காது.

பின்கதவு திறக்கவில்லை. பக்கக் கதவுகள் திறக்கவில்லை. கைப்பிடி தோலில் ஒட்டியது. ஓட்டுநர் கதவு மட்டும் திறந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. எங்கள் பக்கத்தில் யாரும் சாவியை எடுப்பதில்லை.

"ஜூனி! இறங்கு வெளிய!"

"மாட்டேன் தாத்தா." குரல் பல்லோடு ஆடியது. "கிளம்பறதுக்கு முன்னாடி இறங்கினா இடம் போயிடுமாம்."

"யாரு சொன்னா?"

அவள் தலை மெல்லப் பக்கத்தில் திரும்பியது. அங்கே காலி இடம். ஸீட்டு மட்டும் அழுந்தியிருந்தது.

ஜூனியின் உதடு நீலமாக இருந்தது.

இருக்கைகளுக்கு மேல் கையை நீட்டினேன். எட்டவில்லை, அந்த வண்டியின் நீளத்தைத்தான் சொன்னேனே. குளிர் கையைக் கடித்தது. நெருப்புப் பட்டால் இழுத்துக்கொள்வது போல என்னையறியாமல் இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தக் குழந்தையை இறங்கச் சொல்லி யார் மன்றாடியும் பயனில்லை. ஐம்பது வருஷமாக இங்கா கேட்பது ஒன்றே ஒன்று.

என் லைசென்ஸை மூன்று வருஷம் முன்பு பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு தபால்பெட்டி என் வழியில் வந்துவிட்டது. இருந்தாலும் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தேன்.

"இங்கா" என்றேன். "யார்கிட்டயும் போய்ட்டு வரேன் கிடையாது. காபி கிடையாது. கேக் பொட்டலம் கிடையாது. இப்பவே கிளம்பறோம்."

சாவியைத் திருகினேன். முதல் திருகில் பிடித்துக்கொண்டது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது வாசலில் மூன்று பேர், வாய் திறந்தபடி. லோர்னா செருப்பு கழன்று விழ ஓடிவந்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவாள்.

பெரிய சாலை வந்தது. வண்டிக்குள் நீர் சொட்ட ஆரம்பித்தது. உறைபனி கரைந்து வழிந்தது. தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். கடைக்கோடியில் இருப்பவர்களின் முதுகுதான் தெரியும். ஜூனியின் பொன்னிறத் தலைமுடி தெரிந்தது.

அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லாய். உச்சியில் குஞ்சம். வண்டி ஆடும்போதெல்லாம் ஆடியது.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். தொண்ணூறு மைலும் ரோட்டைத்தான் பார்த்தேன். அவ்வளவு ஒழுங்காக நான் வாழ்க்கையில் வண்டி ஓட்டியதில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஜூனி சிரிக்கும் சத்தம் கேட்டது. பின்னால் வருகிறவர்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மரலாரிக்காரன் பக்கத்தில் முந்திப் போகும்முன் இரண்டு தடவை கையாட்டினான். ஒன்று ஜூனிக்கு.

வீட்டு முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் பயணம் முடிந்தது. இடம் யாருக்கும் இல்லை. அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் முள் கீழே தொட்டபோது, "வந்துட்டோம்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

பின்கதவு திறந்துகொண்டது. ஜூனி குதித்தாள். "பசிக்குது தாத்தா."

அவளுக்குப் பின்னால், மூன்று மாதம் டேரல் குதித்தும் மடியாத ஸீட்டு, தட் என்று தானாக மடிந்து தரையோடு தரையானது.

லோர்னாவும் டேரலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார்கள். பெவர்லியின் மைத்துனர் கொண்டுவந்து விட்டார். "வீட்டுக்கு வந்துட்டோம், வண்டி பத்திரம்" என்று ஃபோனில் நான் சொல்லியிருந்தேன். லோர்னா கத்துவதற்குத் தயாராக உள்ளே வந்தாள். ஜூனியின் விரல் நுனிகளைப் பார்த்தாள். வெள்ளையாக, மெழுகு போல. உடனே டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் இரண்டு தடவை கேட்டாராம்: "செப்டம்பர்லயா?" திரும்பி வந்து சமையலறை மேசையருகே உட்கார்ந்தாள். நான் வில்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன், எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்பது உள்பட.

அவள், "ரெண்டு மாசமா தெரியும். உன்னை நான் மன்னிக்கறதுக்கு நாளாகும்பா" என்றாள்.

"எனக்கு நாள் இருக்கு" என்றேன். "இங்கயே இருந்தா."

இல்லத்தில் அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பேச்சின் நடுவில் எழுந்து போகிறவர்கள் மற்றவர்களோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்று பெவர்லி கருதினாராம். லோர்னா அடுப்புக்குத் தானாக அணையும் ஒரு கருவி வாங்கி மாட்டினாள். கூரை ஏணிக்குப் பூட்டு.

வில்மாவுக்கு ஃபோன் செய்து, இங்கா கிளம்பியாச்சு என்றேன்.

"ஜன்னல் சாத்தியிருந்துதா? காத்து அடிக்குமே."

"சாத்தியிருந்துது."

"சரி, அப்ப" என்றார் வில்மா. எங்கள் பக்கத்தில் ஒருவர் அதைச் சொல்லிவிட்டு உடனே ஃபோனை வைத்ததை நான் அன்றுதான் கேட்டேன். கொட்டகைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

போன வாரம், ஜனவரி நடுவில், சம்மட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். பகல் பதினொரு மணி. பனிமேல் வெயில் கண்ணைக் கூசியது. வண்டி டேரல் போர்த்திய துணிக்குள் இருந்தது. பேட்டரி வீட்டுக்குள், சமையலறை அலமாரியில். நனைந்த கம்பளி வாசனை வந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

கடைக்கோடி நிமிர்ந்திருந்தது.

இடது பக்கம் அந்தச் சின்னச் சிவப்புக் கையுறை, விரல் பக்கம் வெளியே பார்த்தபடி. ஜூனி உட்கார்ந்த வலது பக்கத்தில் இன்னொன்று. அதே கம்பளி, அதே பின்னல். ஆனால் இது சின்னதில்லை. எனக்கு மண்வெட்டிக் கை. முப்பத்தெட்டு வருஷமாக எந்தக் கடையிலும் என் அளவுக்குக் கையுறை கிடைத்ததில்லை.

போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. உள்ளே கதகதவென்று இருந்தது, யாரோ இத்தனை நேரம் கைக்குள் வைத்துச் சூடேற்றியது போல.

கழற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஒருவர் நமக்காகப் பிடித்து வைத்த இடத்தைக் கலைப்பது மரியாதை இல்லை.

அன்றிலிருந்து விருந்தாளிகள் யார் வந்தாலும் அவர்கள் கிளம்பும்போது நான் வாயே திறப்பதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, மரியாதை மறந்துவிட்டது என்று லோர்னா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்கட்டும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தை என் வாயிலிருந்து வருவதற்காக, அங்கே ஒரு கண்ணாடி பாதி இறங்கியபடி காத்திருக்கிறது.